பால்கோவா கிளறுபவருக்கும் பவுடர் ஆலைக்கும் ஒரே கவலை!

வீட்டில் பால்கோவா கிளறியவர்களுக்குத் தெரியும், அடுப்பை விட்டு நகரவே முடியாது. கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துவிடும். கேஸும் கரைந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் பாலுக்கே இந்தப் பாடு என்றால், லட்சக்கணக்கான லிட்டரைப் பவுடராக்கும் ஆலைகள் என்ன செய்கின்றன?

100 கிலோ பசும்பாலில் சுமார் 87 கிலோ தண்ணீர்தான். அதை வெளியேற்ற வேண்டும். ஆனால், பால் தீயக் கூடாது. எரிபொருள் செலவும் கையைக் கடிக்கக் கூடாது.

தீயாமல் கொதிக்க...

மூடிய கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால், பால் 70 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கும். நிறமும் சுவையும் பெரிதாகக் கெடாது. இப்படிப் பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு அமெரிக்காவின் கெயில் போர்டன் 1856-ல் காப்புரிமை பெற்றார்.

ஆவியை வீணாக்காமல்...

செலவைக் குறைக்கும் வழி கரும்பு ஆலையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் அப்போது அடிமைத் தொழிலாளர்கள், கொதிக்கும் கரும்புச் சாற்றைக் கொப்பரை கொப்பரையாகக் கரண்டியால் மொண்டு ஊற்றினார்கள். கை தவறினால் உடம்பு வெந்துவிடும். அங்கே, வெள்ளைக்காரத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்த நோர்பர்ட் ரிலியூ, பாரிஸில் படித்துத் திரும்பிய பொறியாளர். முதல் கலத்தில் எழும் ஆவியைக் கொண்டே, அழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைச் சூடாக்கினார். 1843-ல் காப்புரிமையும் பெற்றார்.

கணக்கு எளிது. ஒரு கிலோ நீராவி ஒரு கலத்தில் சுமார் ஒரு கிலோ தண்ணீரை நீக்கும். மூன்று கலங்களில் கிட்டத்தட்ட மூன்று கிலோ!

இப்போது என்ன புதுசு?

இன்றைய ஆலைகளில் உயரமான குழாய்களின் உட்சுவரில் பால் மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது. வெளிப்பக்கம் நீராவி. சூட்டில் பால் இருக்கும் நேரமே குறைவு.

பல ஆலைகளில் கம்ப்ரசரும் சேர்ந்துவிட்டது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகிறதல்லவா? அதுபோல, பாலிலிருந்து எழும் ஆவியை அழுத்தினால் அதன் வெப்பம் ஏறும். அந்த ஆவியே திரும்பவும் பாலைச் சூடாக்கும். மின்சாரம் தேவை, ஆனால், பாய்லரிலிருந்து புது நீராவி கொஞ்சம் போதும்.

பால் பாதியளவு கெட்டியானதும் சூடான காற்றில் பனித்துளி போலத் தெளிப்பார்கள், பவுடராக உதிரும். இந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு கிலோ தண்ணீரை நீக்கத்தான் செலவு பல மடங்கு. அதனால் அதற்கு முன்பே முடிந்த மட்டும் சுண்டவைத்துவிடுகிறார்கள்.

யாருக்கு லாபம்?

குஜராத்தின் ஆனந்தில், குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். அந்த உபரிப் பாலை வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று நிபுணர்கள் சொன்னதை, பொறியாளர் ஹெச்.எம்.தலாயா பொய்யாக்கினார். 1955 அக்டோபர் 31 அன்று அங்கே பவுடர் ஆலையைத் திறந்துவைத்தார் பிரதமர் நேரு.

கறந்த பால் கெடுவதற்குள் விற்றாக வேண்டும் என்ற அவசரம் விவசாயிக்குக் குறைந்தது. குளிர்காலத்துப் பால் கோடையிலும் காசானது.