சொகுசுக் கப்பலின் கீழ்த்தளம் யாருக்கு?

எங்கள் கம்பைநல்லூருக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் போன மாதம் எங்கள் காலனிக்குள் ஒரு கப்பல் வந்தது, ஏஜெண்டின் செல்போனில். "சொகுசுக் கப்பலில் பெண்களுக்கு வேலை, டாலரில் சம்பளம்" என்றார். என் சித்தி மகளிடம் ஒன்றரை லட்சம் கேட்டார். என்ன வேலை? படுக்கை விரிப்பது, அறை பெருக்குவது, கழிவறை கழுவுவது. இதே ஏஜெண்ட் ஊர்த்தெருவில் பேசியதோ வரவேற்பாளர் வேலையைப் பற்றி!

அவள் ஏன் ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் கம்பைநல்லூர் அருகே பட்டாசுக் கிடங்கு வெடித்து மூன்று பெண் தொழிலாளர்கள் செத்தார்கள். உள்ளூரில் பெண்களுக்குக் கிடைக்கும் வேலையின் லட்சணம் அதுதான். எனவே போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாதி தெரியாத ஊருக்குப் போவதும் ஒரு விடுதலைதான்.

ஆனால் சில கேள்விகள் இருக்கின்றன, தோழர்களே.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பலுக்குக் கொடியசைத்தார் முதல்வர். 2024 செப்டம்பரில் 'குரூஸ் பாரத்' திட்டத்தைத் தொடங்கிய ஒன்றிய அரசு, 4 லட்சம் வேலைகள் என்கிறது. அதில் பெண்களுக்கு எத்தனை? தலித் பெண்களுக்கு எத்தனை? மேல்தளத்திலா, கீழ்த்தளத்திலா?

அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த மசோதா, 1946இல் ஆலைகளின் வார வேலை நேரத்தை 54இலிருந்து 48 மணியாகக் குறைத்தது. கப்பலிலோ, 2006ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. அதே உடன்படிக்கை, வேலை பிடித்துத் தர ஊழியரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. அப்படியானால் அந்த ஒன்றரை லட்சம் எந்தக் கணக்கில் வரும்?

உரிமம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்டுங்கள். வரவேற்பு, சமையல், மாலுமிப் பயிற்சிகளைத் தாட்கோ மூலம் இலவசமாகக் கொடுங்கள். எந்தப் பதவியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பாலின, சாதிவாரியாக வெளியிடுங்கள்.

எங்கள் பெண்கள் கடலேறட்டும். ஆனால் அங்கேயும் அவர்கள் கையில் துடைப்பம் மட்டும்தான் என்றால், அது கப்பல் இல்லை, மிதக்கும் ஊர்த்தெரு.