பெயர் போன முகவரி

1991ல் 'டிரிவாண்ட்ரம்' போய், திருவனந்தபுரத்திற்கு அதிகாரபூர்வமாகச் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. இணைய முகவரியிலோ அந்தப் பெயர் மறுபடி தொலைகிறது. பிரவுசரில் மலையாளமாகவே தெரியும் முகவரியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பினால், பல சமயம் போய்ச் சேர்வது சதவீதக் குறிகளின் ஊர்வலம்தான்.

காரணம் எளிது. முகவரி விதிகள் அனுமதிப்பது ஆங்கில எழுத்து, எண், சில குறிகளை மட்டுமே. மலையாளமோ தமிழோ, எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. ஒவ்வொன்றும் 3 பைட். ஒரு பைட்டுக்கு ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும். ஆக, குறியீட்டுக்கு 9 இடம். ஆங்கிலத்தில் 18 எழுத்தில் முடியும் ஊர்ப் பெயர், மலையாளத்தில் 117 ஆகிறது, தமிழில் 126! அலுத்துப்போனவர்கள் முகவரியை ஆங்கிலத்திலேயே வைத்துவிடுகிறார்கள்.

அதற்கு அவசியமில்லை. குறிகளை மீண்டும் எழுத்தாக்கும் வசதி பைத்தான் மொழியில் தயாராகவே இருக்கிறது. நாலைந்து வரி நிரல் போதும்.

மலையாளத்தில் ஒரு சிக்கல் உண்டு: 'ன்', 'ர்', 'ல்' போன்ற சில்லு எழுத்துகள். முன்பு 3 குறியீடுகளைச் சேர்த்து எழுதப்பட்ட இவற்றுக்கு, 2008ல் யூனிகோடு 5.1 தனிக் குறியீடு தந்தது. கண்ணுக்கு ஒரே சொல். கம்ப்யூட்டருக்கு இரண்டு முகவரி. பழையதைப் புதியதாக்க எழுத்துக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் பழைய முகவரியைத் தேடி வருபவரைப் புதியதற்கு அனுப்ப மறக்கக் கூடாது.

டிரிவாண்ட்ரத்தின் மிச்சமான டி.ஆர்.வி. என்ற விமான நிலையக் குறி, இன்றும் பயணியைச் சரியான ஊரில்தான் இறக்குகிறது.