சீல் ஒன்று, போனது பதினாலு ஏக்கர் வண்டல்



கரும்பு நிலுவை, பயிர்க் காப்பீடு, உரத் தட்டுப்பாடு என்று நமது சங்கத்தின் துண்டறிக்கைகள் எத்தனையோ உங்கள் கைக்கு வந்திருக்கும். இது ஒரு பழைய மண் தோண்டும் மிஷினைப் பற்றியது. "சங்கத்துக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்காமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

எங்கள் ஊரில் பதினொரு பேர் பணம் போட்டு 2019ல் செகண்ட் ஹேண்டில் ஒரு மினி மிஷின் வாங்கினோம். மூணு டன் வண்டி, ரப்பர் செயின். எந்தக் கம்பெனி செய்தாலும் நம்ம பக்கம் அதுக்கு 'குட்டி ஹிட்டாச்சி' என்றுதான் பேர். எங்களுடையது வேறு கம்பெனி, பேர் இங்கே வேண்டாம். ஜே.சி.பி. திரும்ப முடியாத இடத்தில் இது திரும்பும். சவுக்குக் கட்டை பிடுங்கலாம், பைப் லைனுக்குப் பள்ளம் எடுக்கலாம், பக்கத்துக் கொல்லைக்காரர் பயிரை மிதிக்காமல் வாய்க்காலில் தூர் எடுக்கலாம். ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்ற வண்டி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை. வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியவில்லை. அந்த டிசம்பர் மாதம் முழுக்க எங்கள் மிஷின் சேற்றிலேயே நின்று அடைப்பு எடுத்தது. இடுப்பளவு தண்ணியிலும் இறக்கினோம். வேறு வழி இல்லை, நெல் அழுகிக்கொண்டிருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

2025 மே மாதம் ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி வாங்கினோம். 2024 ஜூலையிலிருந்து தாசில்தாரே அனுமதி தரலாம் என்று ஆனது நல்ல காரியம், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது 30 டிராக்டர் லோடு. எங்களுக்கு 24 ஏக்கருக்கு 720 லோடு. இருபது நாள் கெடு. முந்நூறு லோடு ஏற்றி முடிக்கும்போது இடது பக்கச் செயின் சக்கரத்தில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. மறுநாள் வண்டி நகரவில்லை.

கம்பெனி டீலரிடம் போனோம். செயினை ஓட்டுகிற 'ஃபைனல் டிரைவ்' பெட்டிக்குள் சீல் போயிருக்கு என்றார்கள். சீலைக் கொடுங்கள் என்றோம். "சீல் தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் வரும்." விலை ரெண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அது தனியாக நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு. சரக்கு வர அஞ்சு வாரம். பழைய மாடல், அதனால் முழுப் பணமும் முன்னாடியே கட்டணும். வண்டியை எட்டரை லட்சத்துக்கு வாங்கியவர்கள் நாங்கள்!

கடைசியில் திண்டிவனத்தில் லாரி வேலை செய்கிற ஒரு பெரியவர்தான் பெட்டியைப் பிரித்தார். உள்ளே முகத்தோடு முகம் ஒட்டிச் சுற்றுகிற ரெண்டு இரும்பு வளையம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ரப்பர் வளையம். அவ்வளவுதான் அந்த சீல். டிசம்பர் மாதச் சேறு உள்ளே புகுந்து இரும்பு முகத்தைக் கீறியிருந்தது. அளவு எடுத்தார், சாம்பிளை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு சென்னை புதுப்பேட்டைக்குப் போனார், வேறு ஒரு வண்டியின் சீல் அதே அளவில் கிடைத்தது. விலை 4,200 ரூபாய். இன்றைக்கும் வண்டி ஓடுகிறது.

ஆனால் அதற்குள் கெடு முடிந்து போச்சு. அந்த சீசனில் வாடகை ஜே.சி.பி.க்கு வரிசை. பதினாலு ஏக்கருக்கு வண்டல் போகவில்லை. அதில் நாலு ஏக்கர் புருஷனை இழந்த ஒரு அம்மாவுடையது. மணிலாக் கொல்லை. அவர்களுடைய முறையைக் கடைசிக்குத் தள்ளியவர்களே நாங்கள்தான். அவர்கள் முகத்தைப் பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கு.

தப்பு நம்ம பக்கமும் உண்டு, மறைக்க மாட்டோம். பதினொரு பேர் வண்டி என்றால் யாரும் பார்க்காத வண்டி. டிசம்பரில் சேற்றிலிருந்து ஏறிய அன்றைக்கே செயினைக் கழுவி, பெட்டி ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்திருந்தால், தண்ணி கலந்து மோர் மாதிரி வெளுத்திருப்பது தெரிந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை. கிரீஸ் கதையும் அதுதான். பக்கெட், ஆர்ம், பூம் சேருகிற பின்களுக்குத் தினமும் காலையில் கிரீஸ் அடிக்கணும், பத்து நிமிஷ வேலை. அடிக்காவிட்டால் மண்ணும் பழைய கிரீசும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். புஷ் தேய்ந்ததும் மாற்றினால் செலவு ஆயிரத்தில் நிற்கும். ஆட்டத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஓட்டை முட்டை வடிவமாகும், பிறகு லேத்துக்காரர் வந்து போரிங் போடணும். ஹைட்ராலிக் ஆயில் ஊற்றும்போது மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். பம்பைக் கொல்வது பெரும்பாலும் தூசிதான். இன்னொன்று, உயிர் விஷயம்: ஹோஸில் ஊசி முனை அளவு ஒழுக்கு இருந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே பாயும். சின்னப் புள்ளிதானே என்று விட்டால் விரலே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். மேலே பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். எத்தனை மணி ஓடியது, யார் ஓட்டியது, கிரீஸ் அடித்தாச்சா, எல்லாம் எழுதணும். 250 மணிக்கு ஒரு தடவை என்ஜின் ஆயில். எழுதாதவர் முறை கடைசிக்குப் போகும். (இதை எழுதுகிறவரின் முறையும் ஒரு தடவை போனது!)

ஆனால் நோட்டு போட்டால் மட்டும் சீல் கிடைத்துவிடாது. நம்ம கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். காயில் எரிந்தால் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறக்கி ரீவைண்டிங் செய்து ரெண்டு நாளில் மாட்டுகிறோம். ஏன் முடிகிறது? கம்பி கடையில் கிடைக்கிறது, எத்தனை சுற்று என்று எல்லோருக்கும் தெரியும், எந்தக் கம்பெனியும் ஒளித்து வைக்கவில்லை. அதே நியாயத்தைத்தான் இந்த மிஷினுக்கும் கேட்கிறோம்.

இது நாங்கள் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர் வைத்திருக்கிற பெரிய பெரிய பண்ணைக்காரர்களே இதற்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். கொலராடோ மாநிலத்தில் 2023ல் சட்டம் போட்டு, 2024 ஜனவரி 1 முதல் விவசாய இயந்திரங்களின் பாகமும் புத்தகமும் கருவியும் விவசாயிக்குக் கொடுத்தே ஆகணும் என்று ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் அந்த நாட்டு அரசு அமைப்பே அந்தக் கம்பெனி மீது வழக்குப் போட்டது. நம்ம நாட்டிலும் நடக்காமல் இல்லை. வெளி மெக்கானிக்குக்கு ஸ்பேர் தராததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேலே மேலே போனது வேறு விஷயம். கார்க்காரருக்கு உள்ள நியாயம் ஏர்க்காரருக்கு இல்லையா?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அந்த டிசம்பரில் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள். பக்கம் திறந்தால் பெட்டி திறக்குமா?

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் அதன் டயர், டியூப், ஹைட்ராலிக் பம்பு போன்ற பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ஆனது. வரவேற்கிறோம். நம்ம மிஷின் பம்புக்கு மட்டும் 18! அது கட்டுமான இயந்திரமாம். ஏரி வண்டல் அள்ளுவது கட்டுமானமா? நம்ம ஊர் வழியாகப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் விக்கிரவாண்டியில் ஒரு டோல் கட்டுகிறோம், டெல்லி ஜி.எஸ்.டி.யில் இன்னொரு டோல். உழவர் குழுக்களும் உற்பத்தியாளர் கம்பெனிகளும் வாங்குகிற பாகத்துக்காவது 5 சதவீதம் ஆக்கட்டும்.

மாநில அரசிடம் கேட்பதும் பெரிசு இல்லை. கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 2017-18 முதல் நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு இயந்திரம் வாங்க 5 லட்சம் கொடுத்தார்கள். வாங்கக் கொடுத்த கை, ரிப்பேருக்கும் கொஞ்சம் நீளட்டும். மானியத்தில் விற்கிற கம்பெனி ஒவ்வொன்றும் பத்து வருஷத்துக்கு ஸ்பேரைத் தனித்தனியாக விற்கணும், சர்வீஸ் புத்தகத்தைத் தமிழில் தரணும் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஹைட்ராலிக் வேலையைக் கற்றுக்கொடுக்கட்டும். அந்த லாரி பட்டறைப் பெரியவருக்கு எழுபது வயசு ஆகுது. அவருக்குப் பிறகு மஞ்சப் பையைத் தூக்கிக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போக ஆள் இல்லை.

அடுத்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மொத்தமாக மனு கொடுக்கிறோம். ஒன்றியத்துக்கு இருபது பேராவது வரணும். வெறுங்கையோடு வராதீர்கள். வீட்டில் கிடக்கிற தேய்ந்த புஷ், வெடித்த ஹோஸ், பிய்ந்த ரப்பர் செயின் துண்டு, 'அசெம்பிளியாத்தான் வரும்' என்று எழுதிக்கொடுத்த கொட்டேஷன், எது இருந்தாலும் சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். அந்தக் கீறல் விழுந்த வளையத்தை நாங்கள் கொண்டு வருகிறோம்.