இண்டிகா என்றால் தூக்கமா?

டிஸ்கி: கஞ்சா அடிக்கச் சொல்லியோ வளர்க்கச் சொல்லிக்கொடுக்கவோ இதை எழுதவில்லை. ஒரு லேபிளைப் பார்த்துக் கடுப்பான பி.காம். மாணவன் எழுதியது, அவ்வளவுதான்.

'இண்டிகா' என்றால் எங்கள் வீட்டில் மாமாவின் பழைய டாடா இண்டிகா கார்தான். வெள்ளைக் கலர், உள்ளே எப்போதும் டீசல் வாசம். அந்தப் பெயருக்கு இன்னொரு பிழைப்பும் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது போன செமஸ்டரில், காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது.

டொரொன்டோவில் இருக்கும் பெரியம்மா மகனிடமிருந்து போன். நமக்குப் பகல் பதினொன்றரை, அங்கே நள்ளிரவு இரண்டு. வெளியே ஓடிப்போய் எடுத்தால், "தம்பி, நெஞ்சு படபடன்னு அடிக்குதுடா, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டே இரு" என்கிறான். பயந்துவிட்டேன். கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சா சட்டப்படி கடையில் விற்கிறது. மாசக்கணக்கில் தூக்கம் வராததால் அண்ணன் கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரர், "தூக்கத்துக்கு இண்டிகா, சுறுசுறுப்புக்கு சட்டிவா" என்று சொல்லி ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறார். டப்பாவின் முகப்பில் பெரிதாக இண்டிகா. ஓரத்தில் பொடி எழுத்தில் டி.எச்.சி. 27 சதவீதம். பழக்கமே இல்லாதவனுக்கு 27 சதவீதம்! இதயம் ஓடாமல் என்ன செய்யும்? அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் தூங்கவில்லை. நானும் அன்று ராத்திரி தூங்கவில்லை. உட்கார்ந்து படித்தேன். கீழே இருப்பதெல்லாம் அந்தப் படிப்பின் விளைவு.

முதலில் செடியைப் பார்ப்போம். இன்று 'இண்டிகா' என்று விற்கும் ரகங்களின் பூர்வீகம் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து இந்துகுஷ் மலைகள். வறண்ட காற்று, குளிர்ந்த இரவு, சீக்கிரம் முடிந்துவிடும் பருவம். பனி வருவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டிய செடி அது. அதனால் குள்ளம், அகலமான கரும்பச்சை இலை, நெருக்கமான மொட்டு, நிறைய பிசின். அங்கே காய்ந்த செடியைச் சலித்து அந்தப் பிசினை எடுப்பார்கள். நம் இமாச்சல மலானாவில் உள்ளங்கையில் தேய்த்து எடுப்பார்கள். சரக்கு ஒன்றுதான், தொழில்முறைதான் வேறு.

பூமத்திய ரேகை பக்கம் வர வர செடி மாறுகிறது. பருவம் நீளம், அவசரம் இல்லை. ஆளுயரத்தைத் தாண்டும், இலை ஒல்லி, மொட்டு காற்றாடலாக இருக்கும். காரணம் உண்டு. நெருக்கமான மொட்டுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து அழுகும். ஆப்கன் செடியைக் கடலோரப் புழுக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் அதற்கு அந்த வியாதிதான் முதலில் வரும்.

இண்டிகா ரகங்களுக்குள்ளேயே ஒப்பிட்டால் சுவாரசியம். 'ஆப்கானி'யும் 'இந்துகுஷ்'ஷும் மலைச் செடிகளுக்கு ரொம்ப நெருக்கம். அதே குள்ளம், அதே பிசின். 'நார்தர்ன் லைட்ஸ்' ஆப்கன் செடியோடு தாய்லாந்து ரத்தமும் கலந்தது என்பார்கள். சியாட்டில் பக்கம் பிறந்து 1980களில் நெதர்லாந்து விதை வியாபாரிகள் கைக்குப் போனது என்பது சந்தையில் சொல்லப்படும் கதை. விளக்கு வெளிச்சத்தில், அறைக்குள், ஏழெட்டு வாரத்தில் பூத்து முடிவதுதான் அதன் புகழுக்குக் காரணம். 'பப்பா குஷ்' இன்னும் குள்ளம், விளைச்சல் குறைவு, காப்பிக்கொட்டை மாதிரி வாசம் என்பார்கள். 'கிராண்ட்டாடி பர்ப்பிள்' ஊதா நிறத்துக்காகவே விலை போகிறது. அந்த ஊதா ஆந்தோசயனின், நாவல்பழத் தோலில் இருக்கும் அதே சாயம். அதற்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு 'ஊதா என்றால் கனமான சரக்கு'. நல்ல மார்க்கெட்டிங்!

இந்தக் குள்ளச் செடி ஏன் உலகத்தைப் பிடித்தது? போதை உசத்தி என்பதால் என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு, காமர்ஸ்காரன் புத்தி. அமெரிக்காவில் போலீஸ் கெடுபிடியால் பயிர் வயலிலிருந்து அறைக்குள் போனது. அறைக்குக் கூரை உண்டு, கரண்ட் பில் உண்டு. எட்டு வாரத்தில் பூத்து முடியும் ரகத்தை வைத்தால் 52 வாரத்தில் ஆறு அறுவடை. பன்னிரண்டு வாரம் எடுக்கும் நெட்டை ரகத்தை வைத்தால் நாலு. அதே வாடகை, அதே விளக்கு. எங்கள் பாடத்தில் இதற்கு இன்வென்ட்டரி டர்ன்ஓவர் என்று பெயர், இந்தக் கணக்கில் ஐந்து மார்க் கேள்வி வரும். அறை வியாபாரத்துக்கு ஏற்ற உடம்பு ஆப்கன் செடிக்கு அமைந்துவிட்டது. ரெண்டையும் கலந்து கலந்து இன்று கடையில் இருப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே ஒட்டு ரகம்தான்.

ஆக, இண்டிகா என்பது செடியின் உயரத்தையும் இலையையும் பூக்கும் காலத்தையும் பற்றிச் சொல்கிற சொல். வளர்ப்பவருக்கு அது பயன்படும், மறுக்கவில்லை. அதே சொல்லைக் குடிப்பவரின் மூளைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு எப்படி நீட்டினார்கள்? அங்கேதான் எனக்குக் கோபம்.

பெயரின் கதையே கோளாறு. 1753இல் லின்னேயஸ், ஐரோப்பாவில் நாருக்காகப் பயிரிட்ட செடியை வைத்து கன்னாபிஸ் சட்டிவா என்று பெயரிட்டார். சட்டிவா என்றால் லத்தீனில் 'பயிரிடப்படுவது', அதில் சுறுசுறுப்பெல்லாம் கிடையாது. 1785இல் லமார்க், பியர் சொன்னரா இந்தியாவிலிருந்து கொண்டுவந்த செடிகளைப் பார்த்து, இது வேறு இனம், தலைக்கு ஏறுகிறது என்று கன்னாபிஸ் இண்டிகா என்றார். சொன்னரா நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தவர். வேடிக்கை என்னவென்றால், லமார்க் வர்ணித்த இண்டிகா ஒல்லி இலைச் செடி. இன்றைய கடைக்காரர் அதைப் பார்த்தால் 'சட்டிவா' என்று எடுத்து வைப்பார்! கேரள மலைச் செடியையே விதைக் கேட்டலாக்குகளில் சட்டிவா என்றுதான் போடுகிறார்கள். இந்தியச் செடி இண்டிகா இல்லையாம், ஆப்கன் செடிதான் இண்டிகாவாம். :-)

இந்தக் குழப்பம் கோர்ட் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் 1937 சட்டத்தில் எழுதியிருந்த செடியின் பெயர் 'கன்னாபிஸ் சட்டிவா' மட்டும். 1970களில் வக்கீல்கள் எழுந்து, "என் கட்சிக்காரரிடம் இருந்தது சட்டிவாதான் என்று நிரூபியுங்கள்" என்றார்கள். ஹார்வர்டின் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டெஸ் மாதிரி பெரிய தாவரவியலாளரே இப்படிப்பட்ட வழக்குகளில் சாட்சிக் கூண்டில் ஏறினார். பெரும்பாலான நீதிமன்றங்கள் வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் ஆப்கானிஸ்தானில் பார்த்த குள்ளச் செடிக்கு ஷுல்டெஸ் 1974இல் இண்டிகா பெயரைக் கொடுத்ததும், 1980இல் லோரன் ஆண்டர்சன் வரைந்த கோட்டுப்படமும் ஒட்டிக்கொண்டுவிட்டன. நெட்டையாக ஒன்று, குட்டையாக ஒன்று. நம் இந்தியச் சட்டம் 1985இல் இந்தத் தகராறே வேண்டாம் என்று 'கன்னாபிஸ் பேரினத்தில் எந்தச் செடியானாலும்' என்று எழுதிவிட்டது. ஆயிரம் கிராம் வரை 'சிறிய அளவு', அதற்கே ஒரு வருடம் வரை சிறை. "சார், இது இண்டிகா" என்று சொல்லி யாரும் தப்ப முடியாது. (ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்க.)

சரி, விளைவுக்கு வருவோம். 2015இல் கனடா ஆராய்ச்சியாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளையும் 43 நார்ச்செடி மாதிரிகளையும் மரபணு பார்த்தார்கள். நூறு சதவீத சட்டிவா என்று சொல்லப்பட்ட ஜமைக்கா ரகம் ஒன்று, நூறு சதவீத இண்டிகா என்று சொல்லப்பட்ட ஆப்கன் ரகத்தோடு கிட்டத்தட்ட அச்சாக ஒத்துப்போனது. 2019இல் அமெரிக்காவில் 30 பெயர்களில் 122 மாதிரிகளைப் பார்த்தால், ஒரே பெயரில் வாங்கியவையே பல இடத்தில் மரபணுவில் வேறு வேறு. 2022இல் ஆறு மாநிலங்களின் ஏறக்குறைய 90,000 மாதிரிகளை ரசாயனப் பரிசோதனை முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். லேபிளும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை.

ஒரே ஒரு சின்னத் தொடர்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், நேர்மை வேண்டுமல்லவா. 2021இல் வந்த ஆய்வில், இண்டிகா லேபிள் ஒட்டியவற்றில் மிர்சீன் போன்ற மண்வாசனைத் தைலங்கள் கொஞ்சம் கூடுதல். அதாவது ஜனங்கள் பல வருடமாக மூக்கால் முகர்ந்து பெயர் வைத்திருக்கிறார்கள். உடனே 'மிர்சீன்தான் தூங்க வைக்கிறது' என்று ஒரு கோஷ்டி. மனிதர்களிடம் அதற்கு உருப்படியான சான்று இல்லை. மிர்சீன் மாம்பழத்திலும் இருக்கிறது, அப்படிப் பார்த்தால் சேலம் பக்கம் சீசனில் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது.

உண்மையில் வேலை செய்வது டி.எச்.சி. அளவு, சி.பி.டி. அளவு, எவ்வளவு இழுத்தார், பழக்கம் உண்டா என்பவை. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு உண்டான எதிர்பார்ப்புக்கும் பங்கு இருக்கும். டி.எச்.சி. சில நாள் தூக்கம் தரலாம். தினமும் போனால் உடம்பு பழகிவிடும், நிறுத்தும்போது தூக்கம் இன்னும் கெடும். 2019இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த ஐரோப்பிய ஆய்வு, டி.எச்.சி. பத்து சதவீதமும் அதற்கு மேலும் உள்ளதைத் தினமும் எடுத்தவர்களிடம் மனச்சிதைவு மாதிரி நோய் முதன்முதலாக வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று கண்டது. பத்து சதவீதத்துக்கே அப்படி. அண்ணனின் டப்பா 27. பொடி எழுத்தில் இருந்த எண்தான் முகப்பில் இருந்திருக்க வேண்டும்.

பொன்னி என்று அச்சடித்த மூட்டைக்குள் எது இருந்தாலும் பொன்னி என்று விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சோறு கொஞ்சம் குழையும், அம்மா திட்டுவாள், அதோடு முடிந்தது. இங்கே பாதிக்கப்படுவது நெஞ்சும் தலையும். நாங்கள் மெர்க்கன்டைல் லாவில் படிக்கும் 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15, வர்ணனை சொல்லி விற்றால் சரக்கு அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் கஞ்சா விற்பனைக்கு அது செல்லாது, சட்டவிரோத ஒப்பந்தம் ஆரம்பத்திலேயே செல்லாது என்று சார் சொல்வார். ஆனால் சட்டப்படி விற்கிற நாடுகளில் இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டாமா? 'இண்டிகா' என்ற வர்ணனைக்கு எது ஒத்திருந்தால் சரி? இலையா, உயரமா, வாசமா, தூக்கமா? அளக்க முடியாத ஒரு சொல்லை முகப்பில் போட அரசு ஏன் விடுகிறது? வளர்ப்பவர்கள் விதைப் பொட்டலத்தில் போட்டுக்கொள்ளட்டும். குடிப்பவர் கைக்குப் போகும் டப்பாவில் எனக்குத் தெரிய அதற்கு வேலை இல்லை.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான். எனக்கு எப்படித் தெரியும்! இப்போது டாக்டரிடம் போகிறான். ராத்திரி ஒன்பது மணிக் காப்பியை முதலில் நிறுத்தச் சொன்னாராம். டப்பாவில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.