ஸ்கூல் வரைக்கும் சட்டம்... 18 வயசுக்கு அப்புறம்? தவிக்கும் பெற்றோர்!

சென்னை:

மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கும் வீட்டில் பெற்றோருக்கு ஒரே கவலைதான். "நமக்கு அப்புறம் இவனை யாரு பார்த்துப்பா?"

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவு பளிச்சென்று இருக்கிறது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம்ம விருப்பம்.

18 முடிந்ததும்தான் சிக்கல். உதவித்தொகை, மறுவாழ்வுப் பயிற்சி, அதிக உதவி தேவைப்படுவோருக்குக் கவனிப்பாளர் படி என எல்லாமே அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 24, 27-வது பிரிவுகளில் ஒரு 'செக்' வைத்து விட்டார்கள். அரசு தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு இதையெல்லாம் செய்ய வேண்டுமாம்! கஜானாவில் காசு இருந்தா பார்ப்போம்னு அர்த்தம். பள்ளிக்கூடத்தை உரிமையாகக் கேட்கலாம். அதுக்கு மேல கையேந்தித்தான் நிக்கணும்.

தமிழக அரசு மாத உதவித்தொகையை 2023 ஜனவரி முதல் ரூ.1,500-ல் இருந்து ரூ.2,000 ஆக உயர்த்தியது. நல்ல விஷயம்தான். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்க அம்மா வேலையை விட்டால், போகிற சம்பளத்துக்கு இது ஈடாகுமா?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால் பெத்தவங்களே ஆனாலும் தானாக 'கார்டியன்' ஆகிவிட முடியாது. பேங்க்கிலோ, சொத்து விஷயத்திலோ "கார்டியன் சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்கும்போதுதான் தூக்கிவாரிப்போடும். அப்பா இறந்த பிறகு பென்ஷனுக்கு அலையும்போது தெரிந்துகொள்ளும் குடும்பங்களும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் கமிட்டியே சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். இதுக்காக கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். அப்பா, அம்மா நல்லா இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

உரிமையைத் தர மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். விசாரணையில் அவருக்கு சிவில் கோர்ட்டுக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கணும். இல்லைன்னா காரணம் சொல்லணும். புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீங்க, எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்குங்க!