கிடங்குத் தரை வெடித்தது யார் குற்றம்?

சென்ற மாதம் ஓர் ஆலையின் பஞ்சுக் கிடங்கில் வேலை பார்க்கும் தோழர் ஒருவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். காலில் மாவுக்கட்டு. தரை வெடிப்பில் தள்ளுவண்டிச் சக்கரம் இறங்கி, 170 கிலோ பேல் சரிந்து காலில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு நிர்வாகம் அனுப்பியது என்ன தெரியுமா? மெமோ! அஜாக்கிரதையாக வண்டி தள்ளியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்கும் மெமோ!

பதில் சொல்ல வேண்டியவர் யார்? வண்டி தள்ளியவரா? காசை மிச்சம் பிடித்துத் தரை போட்டவர்களா?

"கான்கிரீட் என்றால் வெடிக்கத்தான் செய்யும்" என்று மானேஜர் சொன்னாராம். இதில் பாதி உண்மை, பாதி புரட்டு. கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வயலில் தண்ணீர் வற்றினால் மண் பாளம் பாளமாக வெடிப்பதை விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கான்கிரீட் எங்கே வெடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மனிதன் கையில் இருக்கிறது. தரை போட்ட ஒரு நாளுக்குள், சில மீட்டருக்கு ஒன்றாக, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு நேர்கோடாக அறுத்துவிட்டால், வெடிப்பு அந்தக் கோட்டுக்கு அடியிலேயே விழும். இதுதான் ஜாயிண்ட். அறுக்கும் மிஷினுக்கு வாடகை கொடுக்க மனமில்லாமல் நாள் கடத்தினால், தரை தன் இஷ்டத்துக்கு வெடிக்கும்.

இது மட்டுமா? கனத்திலும் திருட்டு உண்டு. 6 அங்குலம் என்று பில் எழுதி 5 அங்குலம் போடுகிறார்கள். ஒரு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். தரை வளையாமல் தாங்கும் பலம், கனத்தை அதே கனத்தால் பெருக்கிய கணக்கில் போகிறது. ஆறாறு முப்பத்தாறு, ஐயைந்து இருபத்தைந்து. கண்ட்ராக்டருக்கு மிச்சம் ஆறில் ஒரு பங்கு சரக்கு. தரைக்கு நஷ்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம்!

தண்ணீரிலும் மோசடிதான். கலவையில் தண்ணீரைக் கூட்டினால் பரப்புவது சுலபம், ஆள் கூலி குறையும். ஆனால் மேல்தரை பலமிழந்து மாவு போல் உதிரும். போட்டு முடித்த பிறகோ, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி (2000) குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது. வறண்ட வெயிலில் 10 நாள். அதற்கு ஆள் போட்டால் கூலி கொடுக்க வேண்டுமே! உள்ளே ஊற்றக் கூடாத தண்ணீரை ஊற்றுகிறார்கள். மேலே நிறுத்த வேண்டிய தண்ணீரை நிறுத்துவதில்லை.

அடிமண்ணையும் பாருங்கள். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதைத் தோண்டி எடுத்து, கிராவல் நிரப்பி, இறுகத் திமிசு போடாமல் தரை போட்டால் நிற்குமா? தரைக்கு அடியில் பாலிதீன் விரிக்காவிட்டால் நிலத்து ஈரம் மேலேறும். சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள் விளைவித்த நெல், கிடங்கில் அடி மூட்டையிலிருந்து பூசணம் பிடிக்கும்.

நல்ல தரை போட இவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்ப் பாருங்கள். உயரமான ராக்குகள் உள்ள புதிய கிடங்குகள் அங்கே எழுந்திருக்கின்றன. ஒரு மீட்டர் இடைவெளியுள்ள இரு சக்கரங்களுக்கிடையே தரை 2 மில்லிமீட்டர் சாய்ந்தால், 10 மீட்டர் உயரத்தில் ஃபோர்க்லிப்டின் கை 2 சென்டிமீட்டர் விலகும். சரக்கு ராக்கில் இடிக்கும். ஆகவே இத்தகைய கிடங்குகளில் லேசர் மிஷின் வைத்து மட்டம் பிடிக்கிறார்கள். மிஷினுக்கு மில்லிமீட்டர் கணக்கு. மனிதனுக்கு மட்டும் பள்ளமும் மெமோவும்!

பழைய தரையைச் சீர்படுத்துவதிலும் இதே கதைதான். வண்டி ஏறும்போது ஜாயிண்ட் ஓரம் ஏறி இறங்கினால், அடியில் மண் விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். துளையிட்டு உள்ளே சிமெண்டுக் குழம்பு செலுத்த வேண்டும். அடித்தளமே கெட்டிருந்தால் உடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே பெயிண்ட் பூசினால், அது புண்ணுக்குப் புனுகு பூசுவதாகும். உலர்ந்த தரையைத் தண்ணீரோ தூசி உறிஞ்சியோ இல்லாமல் தேய்க்க வைத்தால், சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

தரை உறுதியாகவும் பழுதின்றியும் இருக்க வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32 ஆவது பிரிவு சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆயினும் வேலையிடத்தில் காயம் விளைவிக்கும் அபாயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் கடமை அதிலும் முதலாளியின் தலையில்தான் இருக்கிறது.

தோழர்களே! உங்கள் கிடங்குத் தரையை நீங்களே பரிசோதியுங்கள். எந்த ஜாயிண்ட் உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் தரை ஆடுகிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்குக் கொடுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு நகல் அனுப்புங்கள். தரையில் துளையிட்டு மாதிரி எடுத்துக் கனத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். விபத்து நடந்தால், தொழிலாளர் பிரதிநிதியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்த பிறகே விசாரணை என்று வற்புறுத்துங்கள்.

நாங்களும் அந்தத் தோழரின் மெமோவுக்குப் பதில் எழுதிவிட்டோம். வெடிப்பின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அதில் குறித்திருக்கிறோம். இனி விளக்கம் தர வேண்டியது நிர்வாகம்தான்!