சுமைக்கேற்ற பட்டை: வண்டிக்கு அடியிலும் கொஞ்சம் குனிந்து பார்ப்போம்

நம் கூட்டங்களில் ஜீவாமிர்தத்துக்கு எத்தனை கிலோ வெல்லம் போடுவது என்று ஒரு மணி நேரம் பேசுவோம். அதற்கான சாணியை எந்த வண்டியில், எவ்வளவு எடையில், எந்தப் பாதையில் கொண்டு வந்தோம் என்று யாரும் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. இயற்கை வேளாண்மை என்பது எடை சுமக்கிற வேளாண்மை.

கணக்குப் பாருங்கள். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன், கணக்கு இல்லாமல் பேச வராது. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து. சுமார் 20 கிலோ. தொழு உரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தால் அதே 20 கிலோவுக்கு 4 டன் வேண்டும். மண்ணுக்குத் தொழு உரம் தருவது தழைச்சத்து மட்டுமல்ல என்பது நமக்குத் தெரியும். அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு விஷயம் இதுதான்: யூரியா மூட்டை சைக்கிள் கேரியரில் வீட்டுக்கு வந்துவிடும். நம்முடைய 4 டன் வராது. அதுக்கு வண்டி வேணும்.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து உழவர்கள் பலர் மீன் அமிலத்துக்கான கழிவை எடுக்கக் காசிமேடு வரை போகிறோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளோடு ஊர்ந்து, திருவொற்றியூர் வழியாக டிபிபி சாலையைப் பிடித்து ஊர் வந்து சேர வேண்டும். டிரெய்லர்கள் உழுதுபோட்ட பள்ளங்கள் ஒருபக்கம். ஊருக்கு வந்தால் ஏரிக்கரை, வண்டிப்பாதை, மழை பெய்தால் களிமண் இன்னொரு பக்கம். இந்தப் பாதையில் முதலில் அடி வாங்குவது பிக்கப்பின் பின்பக்கப் பட்டைதான். லீஃப் ஸ்பிரிங் என்று கடையில் கேட்போமே, அதுதான்.

நம் முன்னோர்கள் பட்டையை மனுஷனுக்கு வைத்தார்கள், மூட்டைக்கு வைக்கவில்லை. வில் வண்டியில் ஆள் ஏறுவார்கள், அதில் பட்டை உண்டு. பார வண்டியில் நெல் ஏறும், அதில் பட்டை கிடையாது. அச்சு மேலேயே சுமை. மாடு நடக்கிற வேகத்துக்கு அது போதும். நாம் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு போகிறோம். பட்டையை நம்பித்தான் போகிறோம்.

பட்டை தொங்கிப்போச்சு என்று பட்டறைக்குப் போனால் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான். "இன்னா சார், ரெண்டு பட்டை சேத்துப் போட்டுக்க சார், மலையவே ஏத்தலாம்." சொல்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் ஆலை எண்ணூரில் இருக்கிறது. பக்கத்தில் துறைமுகம், மணலி. லாரியைப் பார்த்துத் தொழில் படித்த கைகள் அவை. ஆனால் துறைமுக லாரி தார்ச் சாலையில் போய் தார்ச் சாலையில் திரும்புவது. நம் பிக்கப் ஒருவழி முழுச் சுமையோடும் மறுவழி காலியாகவும், பாதி தூரம் ரோடே இல்லாத இடத்திலும் ஓடுவது. லாரிக்குச் சரியான வைத்தியம் இதற்குச் சரிப்படாது.

ஏன் என்று சொல்கிறேன். பட்டையின் விறைப்பு அதன் தடிமனைப் பொறுத்து மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 8 மில்லிமீட்டர் பட்டையை எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் போட்டால் கால் பங்கு கூடியது போலத்தான் தெரியும். ஆனால் விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூட்டு வட்டி மாதிரி. பார்க்கும்போது சின்னது, கட்டும்போதுதான் தெரியும். அதே தடிமனில் ஆறு பட்டைக்கு ஏழாவது சேர்த்தால் விறைப்பு சுமார் ஆறில் ஒரு பங்குதான் கூடும். அதனால் "ஒரு பட்டை சேர்த்தேன்" என்று யாராவது சொன்னால், எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். பட்டறையில் கையில் கிடைத்த தடிப் பட்டையை வெட்டிப் போட்டிருந்தால், சுமை இருக்கும்போது சரியாகத்தான் தெரியும். காலியாகத் திரும்பும்போது வண்டி குதிரை மாதிரி துள்ளும். வண்டிப்பாதைப் பள்ளத்தில் ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் நிற்கும், சேற்றில் பிடிப்பு போகும், சேசிஸில் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல் விழும்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே சின்னக் கம்பி ஒன்று போகும், ஒரு பிரேக் வால்வோடு சேர்ந்திருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக உயர்ந்திருந்தால் குறைக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க. இப்போது பட்டையை விறைப்பாக்கி, முழுச் சுமையிலும் வண்டி தாழாதபடி செய்துவிட்டோம். வால்வுக்கு என்ன தெரியும்? வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சரக்கு அத்தனையும் பின்னால், பிரேக் முன்னால். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போகிற டிரெய்லர் திடீரென்று நின்றால் என்னாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பட்டையை மாற்றுகிறவர் இந்த வால்வைச் சரிபார்த்து அமைத்துத் தருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். "அது எதுக்கு சார்" என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

சரி, எதைப் போடுவது? கடைக்குப் போவதற்கு முன் எடை மேடைக்குப் போங்கள். துறைமுக லாரிகளின் புண்ணியத்தில் மணலி, மீஞ்சூர் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக ஏற்றுகிற சுமையோடு முழு வண்டியை ஒரு தடவை, முன் சக்கரத்தை மேடையைவிட்டு இறக்கிப் பின் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை நிறுத்தி எடை போடுங்கள். பட்டைக்கு வேண்டிய கணக்கு அந்த இரண்டாவது சீட்டில்தான் இருக்கிறது.

கண்ணளவை நம்பக்கூடாது என்பதற்கு மீன் கழிவே சாட்சி. 200 லிட்டர் டிரம் ஆறு ஏற்றினால் வண்டி பாதி காலியாகத் தெரியும். உள்ளே இருப்பது 1,200 கிலோ. டிரம் எடை, கூட வருகிற ஆள் என்று சேர்த்தால் 1.25 டன் தாங்குகிற வண்டியின் எல்லையைத் தொட்டுத் தாண்டிவிடும். வைக்கோல் அப்படி இல்லை. வண்டி நிறைந்து கயிறு கட்டித் தொங்கினாலும் எடை வராது. ஆனால் உயரம் வரும், ஏரிக்கரைச் சரிவில் சாயும். அதற்குப் பட்டை பொறுப்பல்ல.

எங்கே வைக்கிறோம் என்பதும் எடைதான். இரண்டு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 2.5 மீட்டர் என்று வைப்போம். 300 கிலோவைப் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் வைத்தால் பின் அச்சில் ஏறுவது 300 இல்லை, 420. மிச்ச 120 கிலோவை முன் சக்கரத்திலிருந்து தூக்கிவிடும், ஸ்டியரிங் லேசாகும். டிரம்மைக் கேபினை ஒட்டி வைத்துக் கட்டினாலே பாதிப் பட்டைப் பிரச்சினை தீர்ந்துவிடும், காசு செலவில்லாமல்.

எடை வண்டியின் அளவுக்குள் இருக்கிறது, ஆனாலும் பட்டை தொங்குகிறது என்றால் பட்டை தளர்ந்துவிட்டது. அப்போது கம்பெனி அளவிலேயே புது செட், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் என் கட்சி. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். எடை எல்லையை ஒட்டியே எப்போதும் ஓடுகிறது, பாதையும் மோசம் என்றால், அந்த வண்டிக்கென்றே செய்த ஹெல்பர் பட்டை போடலாம். முதன்மைப் பட்டைகளுக்கு மேலே தனியாக உட்கார்ந்திருக்கும் தடித்த பட்டை அது. காலியாக இருக்கும்போது வேலை செய்யாது. சுமை ஏறி வண்டி தாழ்ந்ததும் அதன் முனைகள் ரப்பர் கட்டையில் முட்டி, பிறகுதான் தோள் கொடுக்கும். ஒருவழி சுமை, ஒருவழி காலி என்ற நம் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பாரபாலிக் பட்டை என்று இப்போது வருகிறது. நடுவில் தடித்து முனையில் மெலிந்து, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். எடை குறைவு, உராய்வு குறைவு, ஓட்டம் மெத்தென்று இருக்கும். தார்ச் சாலைக்கு அருமை. ஆனால் இரண்டு மூன்று பட்டையில் ஒன்று முறிந்தால் பெரும் பங்கு போச்சு. பல பட்டை அடுக்கில் கீழே ஒரு குட்டைப் பட்டை முறிந்தாலும் மெதுவாக ஊர் வந்து சேரலாம். மாற்றுப் பட்டையும் எந்த ஊரிலும் கிடைக்கும். பின்பக்கத்துக்கு நான் பழைய அடுக்குப் பட்டைக்காரன்.

புதுப்பேட்டைப் பழைய பட்டை வேண்டாம். எஃகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும்; எத்தனை லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்தது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. தளர்ந்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருவதும் அப்படித்தான். வளைவு வரும், ஆயுள் வராது. சிலிக்கான் கலந்த எஃகைச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதப்படுத்தித்தான் பட்டையாக்குகிறார்கள். அதன் மேல் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் செத்துவிடும். சுமையில் பட்டை நிமிரும்போது இழுபடுவது மேல்முகம். அங்கே ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இந்த இடத்தில் நம் வடசென்னைக்கே உரிய தொல்லை வருகிறது: உப்பு. கடல் காற்று பாதி, மீன் டிரம்மிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பாதி. பட்டைகளின் நடுவே உப்பு இறங்கித் துரு பிடித்தால் ஊசிமுனைக் குழிகள் விழும். ஒவ்வொரு குழியும் விரிசலுக்கு விதை. காசிமேட்டு நடை முடிந்த அன்றைக்கே வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். மாட்டைக் குளிப்பாட்டுகிறவர்கள் நாம், இது பெரிய வேலையா?

கண் உள்ள முதன்மைப் பட்டை முறிந்தால் வண்டி தாழ்வதோடு முடியாது. பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பட்டைதான். அது போனால் அச்சு ஒரு பக்கம் பின்னால் நகரும், வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும்.

பட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எடையை அது கூட்டித் தராது. அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழைய அளவுக்கே செய்தவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. சரக்கையும் இறக்க வேண்டும். ஒரு நடை மீன் கழிவில் யாருக்கு அவ்வளவு லாபம்?

ஆனால் உழவன் பேராசையால் அதிகம் ஏற்றுகிறான் என்று நான் சொல்ல மாட்டேன். தவணைதான் ஏற்ற வைக்கிறது. வண்டிக் கடன் மனுவில் மாதம் எத்தனை நடை, எவ்வளவு வாடகை வரும் என்று கேட்பார்கள். ஒரு நடைக்கு எத்தனை கிலோ என்று கேட்கும் படிவத்தை நான் பார்த்ததில்லை. தவணை கட்ட நடை போதாது என்று தெரிந்ததும் ஒவ்வொரு நடையிலும் 300 கிலோ கூடுகிறது, பட்டறையில் ஒரு பட்டை கூடுகிறது. நம் அமைப்பின் ஒன்றியக் குழுக்கள் இதில் ஒன்று செய்யலாம். தொழு உரம் போன்ற பெருஞ்சுமைக்கு ஐந்தாறு பேர் சேர்ந்து டிப்பர் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் களத்துமேட்டில் கொட்டிக்கொள்வது. அங்கிருந்து மாட்டு வண்டியிலோ டிராக்டர் டிரெய்லரிலோ பிரித்து எடுப்பது. பிக்கப்பை மீன் கழிவு, விதை, காய்கறி என்று அதன் அளவுக்குள் வைப்பது. ஈர நிலத்துக்குள் முழுச் சுமைப் பிக்கப்பை இறக்கி மண்ணை இறுக்கிவிட்டு, அதே மண்ணில் மண்புழு வரவில்லை என்று புலம்புவதும் இதனால் குறையும்.

புதுப் பட்டை போட்டால் யூ போல்ட்டும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். ஒருமுறை இறுகி நீண்டது மறுபடி அதே பிடி பிடிக்காது. முதல் சுமை நடை போய்வந்ததும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அதை மறுபடி டார்க் ரென்ச்சால் இறுக்கிக்கொள்ள வேண்டும். பட்டை நடு ஓட்டையில் முறிவதற்குத் தளர்ந்த யூ போல்ட் ஒரு முக்கியக் காரணம். பில் கேட்டு வாங்குங்கள், பாகத்தின் எண் அதில் இருக்கட்டும்.

அப்புறம், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து, காலியில் ஒரு கணக்கு, சுமையில் ஒரு கணக்கு, கேபின் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் பட்டை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அந்த இரண்டு எண்களே காட்டிவிடும்.